சர்க்கரைத் தண்ணீரில் விறைத்த தொப்பி: பஸ்டர் கீட்டனின் ஊர்கள் வழியே

முதல் நாள்: பிக்வே, கேன்சஸ்

54ஆம் எண் நெடுஞ்சாலையில், பரந்த வயல்களுக்கு அப்பால் தானியக் கிடங்கின் வெள்ளை உருளைகள் தெரிந்ததும் என் தங்கை மகன் காரின் வேகத்தைக் குறைத்தான். "மாமா, ஊரு இவ்வளவுதானா?" என்று கேட்டான். ஒரு மாதாகோவில், அந்தக் கிடங்கு, கொஞ்சம் வீடுகள், ஆளற்ற தெருக்கள். எழுத்தைப் பார்த்தால் 'பிக்குவா' என்று வாசிக்கத் தோன்றும் இந்தப் பெயரை இவ்வூர்க்காரர்கள் 'பிக்வே' என்றுதான் சொல்கிறார்கள். 1895 அக்டோபர் 4ஆம் தேதி ஜோசப் ஃபிராங்க் கீட்டன் இங்கே பிறந்தார். ஊமைப்படக் காலத்து நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான அவரை உலகம் பஸ்டர் கீட்டன் என்று அறியும்.

இது அவருடைய சொந்த ஊர் என்று சொல்ல முடியாது. அவருடைய பெற்றோர் ஜோவும் மைராவும், ஆட்டமும் பாட்டும் காட்டிக் கூட்டம் சேர்த்து மருந்து விற்கும் ஊர்சுற்றிக் குழு ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தார்கள். குழு இந்தப் பக்கம் வந்திருந்தபோது மைராவுக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை பிறந்து சில வாரங்களுக்குள் மீண்டும் பயணம் தொடங்கிவிட்டது. ரயில் நின்ற இடத்தில் பிறந்து, ரயிலிலேயே வளர்ந்த பிள்ளை என்றே அவரைச் சொல்லலாம். பிற்காலத்தில் அவர் எடுத்த மிகச் சிறந்த படம் ஒரு ரயில் எஞ்சினைப் பற்றியதாக அமைந்ததை நான் தற்செயலாக நினைப்பதில்லை.

அருங்காட்சியகம் ஊரகக் குடிநீர் வாரிய அலுவலகத்தின் ஒரு பகுதியில் இருக்கிறது. சுவர் முழுவதும் புகைப்படங்கள், சுவரொட்டிகள், மஞ்சளேறிய பத்திரிகைத் துணுக்குகள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்க் கட்டணம் செலுத்த ஒருவர் வந்து, எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். உலகத் திரைப்பட வரலாற்றின் பெருங்கலைஞர் ஒருவருக்கு இவ்வளவு சிறிய இடமா என்று முதலில் மனம் கூசியது; அரை மணி நேரத்தில் அந்த எண்ணம் மாறிவிட்டது. ஊரார் தங்கள் அன்றாட வேலைக்கு வந்துபோகும் இடத்திலேயே அவரையும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

'பஸ்டர்' என்ற பெயர் வந்த கதையைக் கீட்டனே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒன்றரை வயதில் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தும் அழாமல் எழுந்து உட்கார்ந்த குழந்தையைத் தூக்கிய மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி, "நல்ல பஸ்டர்" என்றாராம். பலமாக விழுவதைக் குறிக்கும் அக்கால நாடகக்காரர்களின் சொல் அது. ஹூடினியும் கீட்டன் குடும்பமும் ஒரே குழுவில் வேலை செய்தது உண்மை. பெயர் வைத்தது அவர்தானா என்பதை ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகிறார்கள். ஆயினும், விழுவதையே பெயராகக் கொண்ட ஒருவர் வாழ்நாள் முழுவதும் விழுந்துகொண்டே இருந்தார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இரண்டாம் நாள்: பயணத்தில்

இன்று பெரும்பாலும் விமானத்திலும் விமான நிலையத்திலும் கழிந்தது. எழுத வேண்டியது, கீட்டனின் சிறுவயது மேடையைப் பற்றித்தான்.

'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் தந்தை, தாய், மகன் மூவரும் மேடையேறினார்கள். சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையைத் தந்தை திருத்த முயல்வதுதான் ஆட்டம். மகனைத் தூக்கித் திரைச்சீலையின்மீது எறிவார். வாத்தியக்காரர்கள் அமர்ந்திருக்கும் பள்ளத்தில் எறிவார். சில வேளைகளில் பார்வையாளர்கள் மீதே எறிவார். பிடித்து எறிய வாகாக, சிறுவனின் சட்டை முதுகில் ஒரு பெட்டியின் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தைகளைக் காக்கும் சங்கத்தார் பலமுறை வந்து, காயமோ எலும்பு முறிவோ உண்டா என்று சிறுவனின் உடம்பைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இந்த மேடையில்தான் அவர் தம் கலையின் அடிப்படையைக் கற்றார். தான் சிரித்துக்கொண்டே விழுந்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு விழுந்தால் வயிறு குலுங்கச் சிரிக்கிறது என்பதை ஐந்தாறு வயதிலேயே கண்டுகொண்டார். பின்னாளில் பத்திரிகைகள் அவரைக் 'கல்முகம்' என்று எழுதின. அவருடைய முகத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை ஒப்பமாட்டார்கள். அந்தப் பெரிய கண்களில் வியப்பும் கணக்கும் கவலையும் நம்பிக்கையும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். சிரிப்பு ஒன்றுதான் அங்கே வராது.

தந்தையின் குடிப்பழக்கம் முற்றியதும் 1917இல் அந்த ஆட்டம் கலைந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில், அப்போது புகழின் உச்சியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்கு கீட்டன் போனார். வேடிக்கை பார்க்கப் போனவர் நடித்துவிட்டு வந்தார். காமிரா எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வரை அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள்: காட்டேஜ் குரோவ், ஆரிகன்

யூஜீன் நகரத்திலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் வந்தால் இந்தச் சிற்றூர். 1926 கோடையில் கீட்டன் 'தி ஜெனரல்' படத்தை இங்கே எடுத்தார். மதுரையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் 16 எம்.எம். புரொஜெக்டரில், பல இடங்களில் கீறல் விழுந்த பிரதியாக நான் அதை முதன்முதலில் பார்த்தேன். மின்விசிறிச் சத்தத்துக்கும் புரொஜெக்டர் சத்தத்துக்கும் நடுவே அந்த எஞ்சின் ஓடியது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று முதல் இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது.

கதை உண்மையாக நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரல் 12ஆம் தேதி, வடக்குப் படையைச் சேர்ந்தவர்கள் ஜார்ஜியாவில் 'ஜெனரல்' என்ற எஞ்சினைக் கடத்திக்கொண்டு ஓடினார்கள். தெற்கத்தியர்கள் துரத்திப் பிடித்தார்கள். அந்த உண்மையான எஞ்சின் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா ரயில் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதையே ஓட்டிப் படமெடுக்கக் கீட்டன் விரும்பினார். எடுக்கப்போவது நகைச்சுவைப் படம் என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்து, அனுமதி கிடைக்கவில்லை. ஆரிகனிலோ மரம் வெட்டும் தொழிலுக்காகப் போட்ட பழைய ரயில் பாதைகளும், விறகெரித்து ஓடும் பழைய எஞ்சின்களும் இன்னும் இருந்தன. மே மாத இறுதியில் பதினெட்டு சரக்குப் பெட்டிகள் நிறையப் பீரங்கிகளும் பழங்காலப் பெட்டிகளும் கட்டுமானப் பொருள்களும் இந்த ஊருக்கு வந்து இறங்கின.

ஊரின் முதன்மைத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் சுவர் நிறையக் கீட்டனின் ஓவியம் இருக்கிறது. அதன் எதிரே நின்றுவிட்டு, பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்த தங்கை மகன், அகன்ற விளிம்புடைய சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி ஒன்றை வாங்கி வந்தான். படங்களில் கீட்டன் அணியும் தட்டைத் தொப்பி கடையில் கிடைத்த பொருள் அன்று என்பதைக் காரில் வரும்போது அவனிடம் சொல்லியிருந்தேன். நல்ல கம்பளித் தொப்பியை எடுத்து, மேற்புறத்தை அழுத்தித் தட்டையாக்கி, விளிம்பை வெட்டிக் குறுக்கி, அவரே செய்துகொள்வார். ஒரு தேநீர்க் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் குவித்துப் போட்டுக் கரைப்பார். அந்தத் தண்ணீரால் விளிம்பின் இருபுறமும் நனைத்து, சுத்தமான கெட்டிப் பரப்பில் வைத்து நீவி, காயவிடுவார். இதை 1964இல் ஒரு நேர்காணலில் அவரே விவரித்திருக்கிறார்.

இரவு விடுதி அறையின் மேசைமேல் நாங்களும் அப்படியே செய்தோம். கத்தரிக்கோல் கம்பளியில் எளிதாகப் போகவில்லை. தண்ணீர் தடவியதும் தொப்பி துவண்டு, அழுக்குத் துணிபோல் கிடந்தது.

நான்காம் நாள்: ரௌ ஆற்றங்கரை

காலையில் விளிம்பு அட்டைபோல விறைத்திருந்தது. நகத்தால் சுண்டினால் ஓசை கேட்டது. அந்தச் சிறிய ஓசையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கீட்டனின் படங்களில் அவர் தண்ணீரில் விழாத படம் எத்தனை இருக்கும்? ஒவ்வொரு முறையும் சர்க்கரை கரைந்து தொப்பி துவண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் மீண்டும் கோப்பையை எடுத்திருப்பார்.

படத்தின் எஞ்சின்கள் ஓடிய ரயில் பாதையில் இன்று தண்டவாளம் இல்லை. அதன்மேல் தார் போட்டு, சுமார் 25 கிலோமீட்டருக்கு மிதிவண்டிப் பாதை ஆக்கியிருக்கிறார்கள். வாடகைக்கு மிதிவண்டி எடுத்துக்கொண்டு, ஆற்றை ஒட்டிக் கிழக்கே போனோம். டொரேனா அணை 1940களில் கட்டப்பட்டபோது பாதையை மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே கீட்டன் ஓட்டிய பழைய பாதையின் ஒரு பகுதி இப்போது ஏரியின் அடியில் இருக்கிறது. ஏரிக்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து, படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியைப் பற்றிப் பேசினோம்.

காதலி கைவிட்ட துயரத்தில், எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டின்மேல் கீட்டன் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் மெதுவாக நகரத் தொடங்கும். தண்டு அவரைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கிக் கொண்டுபோகும். அவர் தம் நினைவில் மூழ்கி அசையாமல் இருப்பார். கொட்டகைக்குள் நுழையும் நேரத்தில்தான் தாம் நகர்வதை உணர்வார். இயந்திரப் பொறியாளனான தங்கை மகன் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். "மாமா, கிளம்பும்போது நீராவியைக் கொஞ்சம் அதிகமா விட்டா சக்கரம் வழுக்கிச் சுத்தும். அப்ப இந்தத் தண்டு ஆளைத் தூக்கி எறிஞ்சிடும். இதை ஓட்டினவரு பெரிய கெட்டிக்காரர்" என்றான். இத்தனை ஆண்டுகளாக அந்தக் காட்சியில் நான் துயரத்தை மட்டுமே பார்த்திருந்தேன். சட்டகத்துக்கு வெளியே, நீராவிக் கைப்பிடியை மயிரிழை அளவுக்கு நகர்த்திய ஒரு கை இருந்தது என்பதை அவன்தான் காட்டினான்.

கீட்டனின் நகைச்சுவை பொறியியலும் உடம்பும் சேர்ந்த ஒன்று. 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் திரைக்குள் புகுந்துவிடும் புரொஜெக்டர்காரனாக அவர் நடிப்பார். அவரைச் சுற்றித் தோட்டம், தெரு, மலைமுகடு, கடல் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும், அவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்பார். ஒவ்வொரு இடத்திலும் காமிராவிலிருந்து அவர் நிற்கும் தொலைவையும் உயரத்தையும் நில அளவைக் கருவி வைத்து அளந்து எடுத்தார்கள். அதே படத்தில், ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தின்மேல் அறைந்தது. தலைவலியோடு படப்பிடிப்பைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு அன்று முறிந்திருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில்தான் தெரிந்தது.

மதியத்துக்குமேல் கல்ப் கிரீக் என்னும் இடத்தை எட்டினோம். இதன் அருகேதான் பாலம் இருந்தது. 1926 ஜூலை 23ஆம் தேதி, ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட மரப்பாலத்துக்குத் தீ வைத்து, அதன்மேல் உண்மையான நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டவிட்டார்கள். பாலம் நடுவில் முறிய, எஞ்சின் நெருப்போடும் நீராவியோடும் ஆற்றில் விழுந்தது. அந்த ஒரு காட்சிக்கு 42,000 டாலர் செலவானது. ஊமைப்படக் காலத்தின் மிகச் செலவான ஒற்றைக் காட்சி அதுவே என்று திரைப்பட நூல்கள் குறிக்கின்றன. ஊருக்கு அன்று விடுமுறை விட்டு, ஆயிரக்கணக்கானோர் வந்து கரையில் நின்றார்கள். ஆரிகன் தேசியக் காவல் படையைச் சேர்ந்த சுமார் 500 பேர் காலையில் ஒரு படையின் சீருடையிலும் பிறகு எதிர்ப்படையின் சீருடையிலும் நடித்தார்கள். எஞ்சின்களிலிருந்து பறந்த தீப்பொறியால் காடு பற்றியெரிந்தபோது தீயணைத்தவர்களும் அவர்கள்தான்.

விழுந்த எஞ்சினை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்புக்காக வெட்டி எடுக்கும் வரை அது ஆற்றிலேயே கிடந்தது. இப்போது அங்கே தெளிந்த நீரும் வழுவழுப்பான கற்களும்தான். காலணியைக் கழற்றிவிட்டு நீரில் சிறிது நேரம் நின்றேன். ஜூன் மாதத்திலும் நீர் எலும்பைத் துளைத்தது.

படம் வெளியானபோது அமெரிக்க விமரிசகர்களில் பெரும்பாலோர் அதை விரும்பவில்லை. செலவுக்கேற்ற வசூலும் வரவில்லை. 1989இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காப்பதற்குரிய படங்களை முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தபோது, அந்த 25 படங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. அதைப் பார்க்கக் கீட்டன் உயிரோடு இல்லை.

ஐந்தாம், ஆறாம் நாள்: ரயிலில்

யூஜீனில் மாலையில் 'கோஸ்ட் ஸ்டார்லைட்' ரயில் ஏறினோம். விமானம் விரைவானது என்றாலும், இந்த மனிதரைத் தேடிப் போகும் பயணத்தில் ஒரு ரயிலாவது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

விடியற்காலையில் சாக்ரமெண்டோ. நிலையத்தை விட்டதும் ரயில் ஆற்றைக் கடக்கிறது. 1927இல் இந்த ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரையே கட்டி 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தை எடுத்தார்கள். கதையின் முடிவில் வெள்ளம் வருவதாக இருந்தது. அந்த ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து மக்கள் மடிந்ததால், வெள்ளத்தை வைத்துச் சிரிக்கவைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. அதற்குப் பதிலாகப் புயல் வந்தது. விமான எஞ்சின் பொருத்திய காற்றுப் பொறிகளால் வீடுகளைப் பறக்கவிட்டார்கள். அந்தப் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து கீட்டன்மேல் விழும். மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் இறங்குவதால் தப்பிப்பார். சுவரின் எடை இரண்டு டன் என்பார்கள். தலைக்கும் தோளுக்கும் சில அங்குலமே இடைவெளி. காலணி நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் ஆணி அடித்துக் குறித்திருந்தார்கள். இன்றும் பலர் அதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ, அந்தச் சுவரின் அடிப்பக்கத்துக் கீலை அமைத்த பிரெட் கபூரி என்ற தொழில்நுட்பரின்மேல் கீட்டன் வைத்திருந்த நம்பிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்தோம்.

ஏழாம் நாள்: ஹாலிவுட்

லிலியன் வே, எலினார் அவென்யூ சந்திக்கும் மூலையில் கீட்டனின் ஸ்டூடியோ இருந்தது. அதற்கு முன் அதே இடத்தில் சாப்ளின் பல குறும்படங்களை எடுத்திருந்தார். இப்போது ஸ்டூடியோவின் சுவடே இல்லை; நினைவுப் பலகை மட்டும் உண்டு. 1920 முதல் 1928 வரை, 19 குறும்படங்களும் பெரும் படங்களும் இங்கிருந்து வந்தன. எழுதி முடித்த திரைக்கதை என்று ஒன்று இருக்காது. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுப்பகுதி தானே வரும் என்பது அவர்களின் வழக்கம். யோசனை தடைப்பட்டால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டுப் பேஸ்பால் ஆடுவார்கள். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது யோசனை வந்தால் மட்டையைப் போட்டுவிட்டுக் காமிராவுக்குத் திரும்புவார்கள்.

ஹாலிவுட் பொலவார்டுக்குச் சற்றுத் தெற்கே, கவெங்கா தெருவிலிருந்து கிளம்பும் ஒரு சந்துக்கு இப்போது சாப்ளின், கீட்டன், அக்காலத்து இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹெரால்டு லாயிட் மூவரின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். 1922இல் வந்த 'காப்ஸ்' குறும்படத்தில், ஓடிவரும் காரை ஒற்றைக் கையால் பிடித்துக் கீட்டன் காற்றில் கிடைமட்டமாகப் பறந்துபோவது இந்தச் சந்தின் வாயில்தான். பழைய படச் சட்டகங்களையும் வரைபடங்களையும் ஒப்பிட்டு இதைக் கண்டறிந்தவர் ஜான் பெங்சன் என்ற ஆய்வாளர். குப்பைத் தொட்டிகளும் சரக்கு வண்டியும் நின்ற அந்தக் குறுகிய இடத்தில் நாங்கள் நெடுநேரம் இருந்தோம்.

எட்டாம் நாள்: மலையடிவாரம்

கீட்டனைப் பேசும்படம் வீழ்த்தியது என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவர் மேடையில் பேசிப் பாடி வளர்ந்தவர். கரகரத்த நல்ல குரல் அவருக்கு இருந்தது. அவருடைய முதல் பேசும்படங்கள் வசூலில் நன்றாகவே போயின. அவரிடமிருந்து பறிபோனது, எதை எப்படி எடுப்பது என்று தாமே முடிவு செய்யும் உரிமை. 1928இல் தம் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்கின் பேச்சைக் கேட்டு எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். சாப்ளினும் லாயிடும் வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். தம் வாழ்நாளின் மிகப் பெரிய தவறு அதுவே என்று கீட்டன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அங்கே ஒவ்வொரு காட்சிக்கும் எழுத்தும் ஒப்புதலும் வேண்டும். அவருடைய குழு கலைக்கப்பட்டது. ஆபத்தான காட்சிகளுக்கு மாற்று ஆளை வைக்கச் சொன்னார்கள். நெருப்பு வைத்த பாலத்தின்மேல் எஞ்சினை ஓட்டியவரிடம் அப்படிச் சொன்னார்கள்.

குடி அவரைப் பிடித்தது. 1932இல் நாட்டலி டால்மட்ஜுடனான திருமணம் முறிந்தது. மகன்கள் இருவரும் தாயின் குடும்பப் பெயருக்கு மாற்றப்பட்டார்கள். 1933 தொடக்கத்தில் எம்.ஜி.எம். அவரை வேலையிலிருந்து நீக்கியது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்துக்கு, பிறர் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதிக் கொடுப்பவராக, வாரம் 100 டாலர் சம்பளத்துக்குத் திரும்பினார். இதை எழுதும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

1940இல் எலினார் நோரிஸை மணந்த பிறகு வாழ்க்கை நிலைப்பட்டது. 1947இல் பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸில் ஆடினார். 1949இல் விமரிசகர் ஜேம்ஸ் ஏஜி ஊமைப்பட நகைச்சுவையைப் பற்றி 'லைஃப்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, மறந்துபோனவர்களுக்கு அவரை நினைவூட்டியது. பெவர்லி ஹில்ஸில் அவர் கட்டிய பழைய மாளிகையைப் பின்னர் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கீட்டன் படங்களின் பிரதிகள் கிடப்பதைக் கண்டு காப்பாற்றினார். 1960இல் சிறப்பு ஆஸ்கார் வந்தது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. உட்லண்ட் ஹில்ஸில் வாங்கிய எளிய வீட்டின் தோட்டத்தில் பொம்மை ரயில் பாதை போட்டு, அதில் விருந்தாளிகளுக்குத் தின்பண்டம் அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் 1966 பிப்ரவரி 1ஆம் தேதி, எழுபது வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

மலைச்சரிவிலுள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் எளிமையானது: பெயரும் இரண்டு ஆண்டுகளும். நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரலும் இதே தோட்டத்தில் உறங்குகிறார். கல்லின்மேல் யாரோ வைத்த சிறு பூ காய்ந்திருந்தது. தங்கை மகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

இரவு அறையில் மடிக்கணினியைத் திறந்து 'ஒன் வீக்' பார்த்தோம். கீட்டன் ஸ்டூடியோவிலிருந்து 1920இல் முதலில் வெளிவந்த குறும்படம். புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு பரிசாக வருகிறது. பெட்டிகளின் எண்களைப் பகைவன் மாற்றிவிட, வீடு கோணலாக எழும்புகிறது. கடைசியில் அதை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லும்போது தண்டவாளத்தின்மேல் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. தங்கை மகன் "அப்பாடா" என்று மூச்சு விட்டான். அந்த நொடியில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்கியது. அவன் கட்டிலிலிருந்து எழுந்து நின்று சிரித்தான். திரையில் கீட்டன், விறகாய்க் கிடந்த வீட்டின்மேல் 'விற்பனைக்கு' என்ற பலகையைச் சாய்த்து வைத்தார். இரண்டடி போனவர் ஏதோ நினைவு வந்து திரும்பி, வீட்டைக் கட்டும் முறை அச்சிட்ட காகிதத்தையும் அதில் செருகினார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.